கே2 சிகரத்துக்கு ஏன் வெறும் நம்பர் பேரு?

உலகத்துலயே ரெண்டாவது உசரமான மலை, 8,611 மீட்டர், அதுக்குப் போய் ஏன் நம்பர் பேருன்னு கேட்டிருக்கீங்க. 1856-ல சர்வேக்கு வந்த தாமஸ் மான்ட்கோமரி காஷ்மீர்ல ஹரமுக் மலைல நின்னு, 200 கிலோமீட்டர் தள்ளித் தெரிஞ்ச ரெண்டு சிகரத்த நோட்ல வரைஞ்சு கே1, கே2ன்னு குறிச்சாரு, கே-ன்னா காரகோரம்ங்கிற மலைத்தொடர், நம்பர் வெறும் வரிசைக்குத்தான், உசரத்துக்கு இல்ல. கே1-க்கு மஷெர்புரும்னு உள்ளூர் பேரு இருந்துச்சு, அதையே வச்சுட்டாங்க. கே2 பனியாறுகளத் தாண்டி ரொம்ப உள்ள இருக்கு, பக்கத்து ஊரான அஸ்கோலேல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது, அதனால ஊர்க்காரங்க புழங்குற பேருன்னு எதுவும் சர்வேக்காரங்களுக்குச் சிக்கல. அப்புறம் காட்வின் ஆஸ்டின்னு இன்னொரு சர்வேயர் பேர வைக்கலாம்னு பேச்சு வந்துச்சு, பிரிட்டன்ல இருக்குற புவியியல் சங்கமான ராயல் ஜியாகிராபிகல் சொசைட்டி ஒத்துக்கல, ரொம்ப நல்ல முடிவு. அந்தப் பேரு இப்ப மலையடில இருக்குற பனியாறுக்கு இருக்கு.