இரவு பத்து மணிக்கே அடங்கிவிடாத கப்பல் வேண்டுமென்றால்

தண்டையார்பேட்டை நண்பருக்கு வணக்கம். சென்ற கடற்சுற்றுலாவில் இரவு பத்து மணிக்கே கப்பல் வெறிச்சோடிவிட்டது என்றும், அடுத்த முறையாவது நீங்களும் உங்கள் மனைவியும் நள்ளிரவு தாண்டி ஆடிப்பாட விரும்புகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

கப்பலின் பளபளப்பைவிடப் பயணத்தின் நீளத்தையே முதலில் பாருங்கள். பத்து நாட்களுக்கு மேற்பட்ட பயணங்களில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களே மிகுதியாக இருப்பதால் இரவு சீக்கிரம் அடங்கிவிடும். வார இறுதியை ஒட்டிய மூன்று, நான்கு இரவுப் பயணங்களிலோ நண்பர் குழுக்கள் திரளாக ஏறுவதால், நடனக்கூடமும் கரோக்கி அரங்கும் நள்ளிரவுக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். நம் இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய கார்டீலியா என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் பயணங்களும் இத்தகைய குறுகியவையே. இந்தப் பருவத்தில் புறப்பாடு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் இயல்பும் முக்கியம். கார்னிவல் கப்பல்கள் கொண்டாட்டத்துக்குப் பேர்போனவை. வைக்கிங் கப்பல்களில் சூதாட்டக்கூடம்கூடக் கிடையாது, அவை அமைதி விரும்பிகளுக்கே உரியவை.

மறுநாள் முழுவதும் கடலிலேயே கழியும் இரவுகளை ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள், ஏனெனில் மறுநாள் காலையில் கரையிறங்க வேண்டியிருந்தால் பலரும் முன்னதாகவே உறங்கப் போய்விடுவார்கள். அறையை மட்டும் நடனக்கூடத்துக்கு நேர் கீழே எடுக்காதீர்கள்; ஆடிக் களைத்தபின் உங்களுக்கும் தூக்கம் வேண்டுமல்லவா?