வெள்ளை சாசேஜைக் கோழி என்று எண்ணிவிடாதீர்கள்

கேள்வி: வரும் மே மாதம் நானும் கணவரும் ஜெர்மனியில் மியூனிக், நியூரம்பெர்க் ஆகிய நகரங்களுக்குச் செல்கிறோம். அங்குள்ள மரபான உணவுகளைச் சுவைக்க ஆசை. பன்றி இறைச்சி உண்போம். மாட்டிறைச்சி மட்டும் உண்பதில்லை. எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்?
— வாசகி, திருச்சி

பதில்: பன்றி இறைச்சிக்குத் தடையில்லை என்பதால் உங்கள் வேலை பாதி முடிந்தது, இவ்விரு நகரங்களும் உள்ள பவேரியா மாநிலத்தின் சமையலில் அதற்குத்தான் முதலிடம். ஆனால் மாட்டிறைச்சி அங்கே நாம் எதிர்பாராத இடங்களில் வந்து சேரும்.

மியூனிக்கின் புகழ்பெற்ற 'வைஸ்வுர்ஸ்ட்' என்னும் வெள்ளை சாசேஜ் வெந்நீர் நிறைந்த பீங்கான் பாத்திரத்தில் மிதந்தபடி மேசைக்கு வரும். அதன் தோலைக் கீறி நீக்கிவிட்டு, இனிப்பான கடுகு விழுதைத் தொட்டு, பிரெட்சல் ரொட்டியுடன் நண்பகலுக்கு முன்பே உண்டு முடிப்பது அவ்வூர் வழக்கம். வெளேரென்று இருப்பதால் அதைக் கோழி என்று எண்ணிவிட வேண்டாம். அதில் முதன்மையாகச் சேர்வது கன்றுக்குட்டியின் இறைச்சி. 'லேபர்கேஸ்' என்னும், அவனில் சுட்டெடுத்த இறைச்சித் துண்டத்திலும் பன்றியோடு மாடு கலந்திருப்பது வழக்கம். இவற்றைவிட எளிதில் ஏமாற்றக்கூடியது உருளைக்கிழங்கு சாலட். தென் ஜெர்மனியில் அதைப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றியே பிசைகிறார்கள். ஆகவே சைவமாகத் தோன்றும் துணை உணவுகளையும் குழம்புகளையும் பற்றிக் கேட்டுவிட்டே ஆர்டர் செய்யுங்கள். உணவுப் பட்டியலில் 'ரிண்ட்' என்றிருந்தால் மாடு, 'கால்ப்' என்றால் கன்று, 'ஷ்வைன்' என்றால் பன்றி. இம்மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

நியூரம்பெர்க்கில் உங்களுக்குக் கவலை குறைவு. அவ்வூரின் சுண்டுவிரல் நீளச் சாசேஜ் பன்றி இறைச்சியால் மட்டுமே ஆனது. மர்ஜோரம் இலையின் மணம் தூக்கலாக இருக்கும். தெருக்கடையில் மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். உட்கார்ந்து உண்பதானால் 'ஷாய்ஃபெலே'யைக் கேளுங்கள்: எலும்போடு வாட்டிய பன்றித் தோள்பட்டை, மேலே மொறுமொறுப்பான தோல், பக்கத்தில் உருளைக்கிழங்கு உருண்டை. என்னைக் கேட்டால், சுற்றுலாப் பயணிகள் தேடி ஓடும் பன்றிக்கால் வறுவலைவிட இதுவே மேல்.

நீங்கள் செல்லும் மே மாதம் வெள்ளை அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காயின் பருவம். ஜூன் 24 உடன் அது முடிந்துவிடும். வேகவைத்த தண்டுகளை உருக்கிய வெண்ணெயுடனோ முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்த ஹாலண்டேஸ் சாஸுடனோ தருவார்கள். இறைச்சி சலித்துப்போனால் பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த முட்டை நூடுல்ஸான 'கேஸ்ஷ்பெட்ஸ்லே' இருக்கிறது. மியூனிக்கின் மரபான பீர் தோட்டங்களில், விரிப்பு இல்லாத மேசைகளில் அமர்ந்தால், பானத்தை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு உணவை நீங்களே கொண்டுசென்று உண்ணலாம்; அருகிலுள்ள சந்தையில் ரொட்டியும் முள்ளங்கியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு போங்கள்.