நூறு வருட வெள்ளக் கோடு: ஆற்றோர வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உம்ஹ்லதுசானா ஆற்றின் கரைமேல் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். "நூறு வருட வெள்ளக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. 2022-ல் பெரிய வெள்ளமும் வந்து போய்விட்டது, இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை" என்கிறார் ஏஜென்ட். மகன் முன்பணம் கட்டத் தயாராகிவிட்டான். நம்பலாமா ஐயா?

பதில்: பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அம்மா. ஏஜென்ட் சொன்னதில் பின்பாதி சுத்தப் பொய். நூறு வருட வெள்ளம் முறைவைத்து வருவதில்லை. ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. போன வருடம் வந்துவிட்டது என்பதால் இந்த வருட வாய்ப்பு குறையாது. 20 வருட வீட்டுக்கடனை அடைப்பதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 18. டர்பன் பக்கம் 1987-லும் 2019-லும் பெருவெள்ளம். 2022 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அடுத்த மாதமே மறுபடி வெள்ளம் வந்தது.

முன்பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோடு தண்ணீர் எதுவரை ஏறும் என்று மட்டுமே சொல்லும். கரை எங்கே நகரும் என்று சொல்லாது. ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையில் தண்ணீர் வேகமாக மோதி அடிமண்ணை அரிக்கும். உள்பக்கத்தில் வேகம் குறைந்து மணலையும் வண்டலையும் போட்டுவிட்டுப் போகும். டர்பனின் உம்கேனி ஆற்றங்கரையில் நம் முன்னோர் காய்கறி பயிரிட்ட நல்ல மண்ணும் ஆறு கொண்டுவந்ததுதான். 1917 அக்டோபரில் அந்த நிலத்தின்மேலேயே வெள்ளம் ஏறியபோது, 'படவத்தான் ஆறு பேர்' என்று இன்றும் பேசப்படும் மீனவர்கள் படகில் போய் 176 பேரை மீட்டார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கரை பெரும்பாலும் தண்ணீர் வடியும்போதுதான் சரியும். ஏறி நிற்கும் தண்ணீர் கரைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அது சட்டென்று இறங்கியதும், ஊறிக் கனத்த மண் பிடிப்பில்லாமல் இடிந்துவிடும். மழை விட்டு வெயில் அடித்த பிறகு பின்கட்டு போய்விட்டது என்று கேள்விப்படுவது இதனால்தான்.

ஆகவே வீடு வெளிவளைவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரையில் வேர் வெளியே தெரியும் மரம், ஆற்றுப்பக்கம் சாய்ந்த வேலி, கரைக்கு இணையாக ஓடும் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்புறம் புதுப் புல்தரை பளபளத்தால் கூடுதல் சந்தேகம் வேண்டும். சரிவில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, முற்றத்தைப் பெரிதாகக் காட்டி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மண் முதல் பெருமழையிலேயே கிளம்பிவிடும். கம்பிவலைக் கல்சுவர் கட்டியிருக்கிறதே என்பார்கள். அதன் அடியை ஆறு அரித்தால் சுவரும் சேர்ந்து போகும்.

வீடு பாறைமேல் இருந்தால்? அது மட்டும் விதிவிலக்கு. ஆனால் ஆற்றுக்குள் பாறை தெரிவது போதாது, அஸ்திவாரத்தின் அடியில் இருக்கவேண்டும். உருண்டு வந்த பெருங்கல் பாறை ஆகாது. அடுக்குகள் ஆற்றுப்பக்கம் சரிந்திருந்தால் பாறையும் வழுக்கும். குழி தோண்டிப் பார்க்காமல் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

1998 தண்ணீர்ச் சட்டப்படி புதுக் குடியிருப்பின் வரைபடத்தில் நூறு வருடக் கோடு இருந்தாகவேண்டும். சாட்ஸ்வொர்த்தோ அதற்கு முன்பே, 1960-களில் எழுந்தது. அதனால் அதன் பழைய வரைபடத்தில் அந்தக் கோடு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. மக்கள் பணத்தில் போட்ட வெள்ள வரைபடத்தைப் பார்க்க வீடு வாங்குகிறவர் மேசை மேசையாக அலைவது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் "நான் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று தரகர் நுழைகிறார். தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவான பொறியாளர் கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று இருக்கும். உள்ளது உள்ளபடி வாங்குகிறீர்கள் என்று பொருள். தெரிந்தே குறையை மறைத்தவர் அதன் பின்னால் ஒளிய முடியாது, ஆனால் மறைத்ததை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். வீட்டின் குறைகளை எழுதித் தரும் படிவத்தில் விற்பவர் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள். 2022-ல் தண்ணீர் எதுவரை வந்தது, கரை எவ்வளவு போனது, அப்புறம் மண் கொட்டினார்களா என்ற மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மகனை வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள்.