இங்கிலாந்துப் பள்ளியில் பி.எஸ்.எச்.இ. வகுப்பிலிருந்து மகளை விலக்கிக்கொள்ளலாமா?

பி.எஸ்.எச்.இ. என்பது தனிநபர், சமூகம், உடல்நலம், பொருளாதாரம் பற்றிய பாடம். அதில் பாலியல் கல்விப் பகுதியிலிருந்து மட்டும் விலக்கலாம். ஆனால் தயவுசெய்து விலக்காதீர்கள். என் மகளும் இங்கே அரசுப் பள்ளியில் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள்.

2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் எல்லா இடைநிலைப் பள்ளிகளிலும் உறவுகள், பாலியல் குறித்த கல்வி கட்டாயம். அரசுப் பள்ளிகளில் உடல்நலக் கல்வியும் சேர்ந்தது. உறவுகள், உடல்நலம் ஆகியவற்றிலிருந்து பிள்ளையை விலக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை. அறிவியலில் வரும் இனப்பெருக்கப் பாடத்திலிருந்தும் விலக்க முடியாது. 16 வயது நிறைய மூன்று பருவங்கள் இருக்கும்போதிலிருந்து, நீங்கள் வேண்டாம் என்றாலும் உங்கள் மகள் விரும்பினால் பாலியல் கல்வி வகுப்பில் உட்காரலாம்.

இந்தப் பாடம் என்றாலே நம்மவர்கள் பதறுகிறார்கள். அதில் பெரும்பகுதி வேறு விஷயங்கள்: மனநலம், போதைப்பொருள், கட்டாயத் திருமணம், படம் அனுப்பச் சொல்லி இணையத்தில் வற்புறுத்துபவர்களைச் சமாளிப்பது. முதலுதவியும் உண்டு. ஒருநாள் மகள் சோபா மெத்தையைத் தரையில் போட்டு, முழங்காலிட்டு, முழங்கையை மடக்காமல் மார்பின் நடுவில் எப்படி அழுத்த வேண்டும் என்று தாத்தாவுக்குக் காட்டினாள். முதலில் அவசர உதவி எண் 999ஐ அழைத்து, பிறகு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டுமாம். என் மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் வகுப்பில் பையன்களும் கூடவே உட்கார்ந்து மாதவிடாய் பற்றிக் கேட்கிறார்கள். எந்த அளவு வலி வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. அந்த வயதில் எனக்கு அதைச் சொல்ல யாருமில்லை. பொறுத்துக்கொள் என்றார்கள், சுருண்டு படுத்துக் கிடந்தேன்.

என் மனக்குறை, பாடத்தை நடத்தும் விதத்தில்தான். பல பள்ளிகளில் காலை வருகைப்பதிவு நேரத்தில், கணிதமோ புவியியலோ நடத்தும் வகுப்பாசிரியரே யாரோ தயாரித்த ஸ்லைடுகளை ஓட்டிவிட்டுப் போகிறார். பார்வையிட்ட பள்ளிகளில் 40 விழுக்காட்டில் இந்தப் பாடம் போதிய தரத்தில் இல்லை என்று ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2013இலேயே சொல்லிவிட்டது. குடிமைக் கல்வியின் கதை இன்னும் மோசம். அரசியல் அறிஞர் பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு 1998இல் பரிந்துரைத்து, 2002இல் கட்டாயமான பாடம் அது. அரசுப் பணத்தில் நடந்தாலும் தேசியப் பாடத்திட்டத்துக்குக் கட்டுப்படாத ‘அகாடமி’ வகைப் பள்ளிகள் பெருகியதும் பல இடங்களில் தேய்ந்துபோனது. நம் வீடுகளுக்கு அது மிகவும் தேவை. இங்கே தங்க அனுமதி பெற்ற இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இதைக்கூட அறியாமல் வருடக்கணக்கில் வாழ்பவர்களை எனக்குத் தெரியும்.

எனவே விலக்குக் கடிதம் எழுதும் முன் பள்ளியின் கொள்கையைப் படியுங்கள். அதை இணையத்தளத்தில் வெளியிடுவதும், வகுக்கும்போது பெற்றோரைக் கலந்தாலோசிப்பதும் பள்ளியின் கடமை. அந்தக் கூட்டத்துக்குப் போய், யார் நடத்துகிறார், என்ன பயிற்சி பெற்றிருக்கிறார், வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பாடப்பொருளைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், மகளையும் அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.