பட்டறைப் பதில்கள்: மீன்தொட்டி டியூப் போதும், ஸ்பேனர் சரியாக இருக்கட்டும்

பொள்ளாச்சியில் கார் பட்டறை வைத்திருக்கும் நம் மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் எல்லாமே பிரேக் பற்றியவை.

கேள்வி: என்னுடையது 2009 மாருதி 800. பின்பக்க இடது வீல் சிலிண்டர் கசிந்தது. புதிது வாங்கி நானே மாற்றிவிட்டேன். இப்போது பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்து, பிரேக் லைனில் புகுந்த ஏரை எடுக்க முடியுமா? பெடலை மிதிக்க மனைவி இருக்கிறார்.
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தாராளமா முடியுங்க. எங்கள் பட்டறையிலும் பெரும்பாலான வண்டிக்கு ஒரு பாட்டில், ஒரு டியூப், பெடலில் ஒரு பையன், அவ்வளவுதான்.

முதலில் அது ஏர்தானா என்று பாருங்கள். பெடலை வேகமாக மூன்று நான்கு தடவை மிதியுங்கள். மேலே ஏறி வந்து இறுகி நின்றால் ஏர் இல்லை. லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்டரைப் பார்க்க வேண்டும். ஏறி வந்த பிறகும் காலடியில் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் லிட்டர் கணக்கில் ஆயிலை ஊற்றி வெளியே எடுத்தவர்கள் உண்டு.

டியூபுக்கு மீன்தொட்டிக் கடைக்குப் போங்கள். காற்று மோட்டாருக்குப் போடும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர் போதும். முனையை வெந்நீரில் முக்கி எடுத்தால் நெகிழும்; நிப்பிளில் (வீல் சிலிண்டரில் ஏர் வெளியே விடும் சின்னத் திருகு) ஏற்றினால் ஆறியதும் கவ்விப் பிடிக்கும். சலைன் டியூபும் ஆகும், ஆனால் துவாரம் சின்னது, ஏற்றுவதற்குள் விரல் நோகும். அப்படியே போட்டாலும் மெடிக்கலில் புதிதாக வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் கழித்ததைப் பொறுக்கி வராதீர்கள்.

ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் சுட்ட ஆணியால் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்று டியூபுக்கு, இன்னொன்று காற்று வெளியேற. அடியில் இரண்டு விரல் அளவு புது பிரேக் ஆயில் ஊற்றி, டியூப் முனை அதில் முங்கியிருக்குமாறு வையுங்கள். பாட்டிலைக் கம்பி போட்டு நிப்பிளுக்கு மேலே தொங்கவிடுங்கள். கீழே வைத்தாலும் வேலை நடக்கும். மேலே இருந்தால் குமிழி தானாக ஏறிப் போய்விடும்.

கருவியில் சமாளிப்பு இதோடு நிற்கட்டும். ஸ்பேனரிலும் வண்டிக்கு அடியில் வைக்கும் தாங்கலிலும் சமாளிப்பு வேண்டாம். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் அதன் முனையை வழித்துவிடும். நிப்பிள் சின்ன சாமான், நடுவே ஓட்டை உள்ளது, முறிந்தால் புது வீல் சிலிண்டரும் போச்சு. மற்ற சக்கரங்களில் துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துரு நீக்கும் ஆயில் விட்டு, காலையில் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு திருப்புங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலை வைக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல் பாரம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் சேசிஸ் அடியில் தள்ளி வையுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. அதைத் தூக்கிவிட்டால் அதனால் ஒரு புண்ணியமும் இல்லை. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு இருபுறமும் கல் வையுங்கள்.

இனி வீட்டுக்காரம்மா. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு அவர் நிதானமாக மூன்று முறை மிதித்து, நான்காவதில் அழுத்திப் பிடித்து “பிடிச்சாச்சு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறப்பீர்கள். பெடல் இறங்கும். பயந்து காலை எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் மூடிவிட்டு “விடு” என்ற பிறகுதான் கால் மேலே வர வேண்டும். திறந்திருக்கும்போது காலை எடுத்தால், விட்ட காற்று திரும்ப உள்ளே போய்விடும். கணவன் மனைவிக்குள் சண்டை வரும் இடமும் இதுதான்.

பெடலுக்கு அடியில் ஒரு இரண்டு அங்குலக் கட்டை போடுங்கள். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அது பழையதென்றால், பெடல் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் அதில் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் வாங்கும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஐந்தாறு தடவைக்கு ஒரு முறை மேலே டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். அது வற்றி மாஸ்டர் சிலிண்டர் காற்று குடித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் இடது பின் சக்கரத்தில் மட்டும் ஏர் எடுத்தாலே பெடல் சரியாகிவிடும். ஆகாவிட்டால் நான்கிலும் எடுங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருப்பது முதலில் என்ற கணக்கு. சில கார்களுக்கு வரிசை மாறும், மேனுவலில் இருக்கும்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, நிப்பிளில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்கினால் பயப்படாதீர்கள், அது மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரின் வேலை. மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். நிப்பிளின் ரப்பர் மூடி தொலைந்திருந்தால் சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு மாட்டி முனையை மடித்துக் கட்டுங்கள்.

கேள்வி: எனக்கு உதவ ஆள் இல்லை. சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: உறிஞ்ச வேண்டாம். நிப்பிள் மரை வழியாகவே காற்று வரும், குமிழி நிற்கவே நிற்காது. இன்னும் ஏர் இருக்கிறது என்று விடிய விடிய இழுத்துக்கொண்டிருப்பீர்கள். மேலே டப்பா மூடியைத் திறந்து, நிப்பிளையும் திறந்து, ஆயில் தானாகச் சொட்ட விடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் யாரும் தேவையில்லை. டப்பா வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது பாதியில் பெடல் தரைவரை போய்விட்டது. ஓரமாக நிறுத்தி அரை மணி கழித்துப் பார்த்தால் பழையபடி நன்றாக இருக்கிறது. ஏர் எடுத்தால் போதுமா?
– வாசகர், கோவை

பதில்: போதாதுங்க. முழு ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் இறங்கும். ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகி, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். அதனால்தான் ஆபத்து: அடுத்த முறையும் இதை நம்பி இறங்குவீர்கள்.

பழையதை முதலில் டப்பாவிலிருந்து சிரிஞ்சால் எடுத்துவிட்டு, புதிது ஊற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் நிறம் மாறும்வரை விடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. சீல் உடைத்து வருடக்கணக்கில் ஷெல்ஃபில் இருக்கும் டின் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெயின்ட் மேல் சிந்தினால் துணியால் துடைத்து நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: 2021 மாடல் கார். ஏபிஎஸ் இருக்கிறது. பாட்டில் முறை சரிவருமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: காலிப்பரையோ ஓஸையோ மட்டும் கழற்றியிருந்தால் பெரும்பாலும் சரிவரும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் வராது. அதன் வால்வுகளை ஸ்கேனர் மூலம் இயக்கித்தான் எடுக்க வேண்டும், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் டப்பாவில் தவறுதலாக இன்ஜின் ஆயில் ஊற்றிவிட்டான் என் மகன். துடைத்துவிட்டுப் புதிது ஊற்றலாமா?
– வாசகர், பழனி

பதில்: பிரேக்கில் இருக்கும் ரப்பர் எல்லாம் இன்ஜின் ஆயில் மாதிரி மினரல் ஆயில் பட்டால் ஊதி உப்பிவிடும். அதன் பிறகு யாராவது பெடலை மிதித்தார்களா என்று எழுதவில்லையே! மிதிக்காவிட்டால், இனியும் யாரையும் தொடவிடாமல் டப்பாவைக் காலி செய்து கழற்றிக் கழுவி, மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மிதித்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர், வீல் சிலிண்டர் வாஷர், காலிப்பர் சீல், ஓஸ் எல்லாம் மாற்ற வேண்டும். இரண்டில் எதுவானாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.