பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டேன் என்று பெய்லிஃப் சொன்னால்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) பாக்கிக்காக நேற்று பெய்லிஃப் (கடன் அறவிடும் அலுவலர்) வந்தார். நான் திறக்கவில்லை. "பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டேன், வந்து கதவை உடைப்பார்கள்" என்று வெளியில் நின்று கத்தினார். பிள்ளைகள் பயந்துபோனார்கள். திரும்ப வந்தால் என்ன செய்வது?

பதில்: திறக்காதீர்கள். நேற்று செய்ததையே செய்யுங்கள்.

கவுன்சில் டாக்ஸுக்காக முதல்முறை வரும் பெய்லிஃப், கதவை உடைத்தோ உங்களைத் தள்ளிவிட்டோ உள்ளே வர முடியாது. அவருக்காகப் பொலிஸும் உடைக்க முடியாது. பொலிஸ் வந்தால் அடிபிடி நடக்காமல் பார்ப்பதுதான் வேலை, கடன் அறவிடுவதல்ல. "திறக்காவிட்டால் தடுத்த குற்றம்" என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். பெய்லிஃபை வேண்டுமென்றே தடுப்பது குற்றம்தான், ஆனால் கதவைப் பூட்டிவைத்திருப்பது அதில் சேராது. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டி ஏமாற்றக்கூடாது என்று பெய்லிஃப்களுக்கான 2014ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறையே சொல்கிறது. அதனால் அவர் சொன்ன வார்த்தைகளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்ய உதவும்.

பொலிஸ் உண்மையாகவே வந்தால் மேல்மாடி ஜன்னலில் நின்று மரியாதையாகச் சொல்லுங்கள்: "இது கவுன்சில் டாக்ஸ் கடன். இவரை நான் இதுவரை உள்ளே விட்டதில்லை, விட விருப்பமுமில்லை." "திறந்து பேசி முடியுங்கோ" என்று அவர்களே சொன்னாலும் இதையே திருப்பிச் சொல்லுங்கள். பெய்லிஃப் மிரட்டினால் 999.

நம்மவர்கள் தவறுவது சங்கிலியைப் போடாமல் "என்ன விஷயம்?" என்று கதவைத் திறக்கும் அந்த இடத்தில்தான். திறந்த கதவால் அவர் நடந்து வந்தால் அது சட்டப்படியான நுழைவு. பூட்டாத பின்கதவும் அப்படியே. உள்ளே வந்து சாமான்களைப் பட்டியலிட்டுவிட்டால், அடுத்தமுறை பலவந்தமாக வரவும் வழி உண்டு. வாசலில் நிற்கும் காருக்குப் பூட்டுப் போடலாம் என்பதால் அதைத் தள்ளி நிறுத்துங்கள்.

ஆனால் கடிதத்தை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். மஜிஸ்திரேட் நீதிமன்றம் விதித்த குற்றப் பணமென்றால் பலவந்தமாக நுழையும் அதிகாரம் உண்டு. உயர்நீதிமன்ற ஆணையோடு வருபவர் பொலிஸின் உதவியைக் கேட்கலாம். இந்த இரண்டிலும் அன்றைக்கே ஆலோசனை எடுங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், ஸ்கொட்லாந்துச் சட்டம் வேறு.

கடன் எப்படியும் கட்டவேண்டியதுதான். கடன் ஆலோசனை சேவையான நேஷனல் டெட்லைனுக்கு (National Debtline) இன்றே போன் அடியுங்கள், ஆலோசனை இலவசம். 2021 மே முதல் நடைமுறையில் உள்ள, கடன் அறவிடுவதை நிறுத்திவைக்கும் 60 நாள் அவகாசத்துக்கு (Breathing Space) நீங்கள் தகுதியா என்று கேளுங்கள். கிடைத்தால் அந்த நாட்களில் பெய்லிஃப் வர முடியாது.

பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், மணி அடித்தால் அவர்கள் திறக்கக்கூடாது. 16 வயதுக்குட்பட்டவர்கள் மட்டும் வீட்டில் இருந்தால் பெய்லிஃப் உள்ளே வரவே கூடாது.