மயாமி வீட்டுக்கு எந்தச் சன்னல்?

கேள்வி: அமெரிக்காவில், மயாமி அருகே என் மகன் வீடு வாங்கியிருக்கிறான். சூறாவளிக் காலத்தில் சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் போதாதா? பெருஞ்செலவில் சன்னல், கதவுகளை மாற்றத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: டேப் ஒட்டுவதை அடியோடு மறந்துவிடச் சொல்லுங்கள், அம்மா. கண்ணாடி உடைவதை அது தடுக்காது. உடைந்த கண்ணாடியைப் பெரிய துண்டுகளாக விழச்செய்து ஆபத்தைக் கூட்டவும் கூடும்.

சன்னலோ கதவோ உடைந்ததும் உள்ளே புகும் காற்று கூரையை மேல்நோக்கித் தள்ள, வெளியே வீசும் காற்று அதே கூரையை மேலே இழுப்பதால், வீடே சிதைந்துவிட நேரலாம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு புளோரிடாவைச் சூறையாடிய பிறகே அங்கே கட்டட விதிகள் கடுமையாயின. சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை விநாடிக்கு 50 அடி வேகத்தில் சன்னல்மீது எறிந்து, பின்னர் காற்றழுத்தத்தை 9,000 முறை ஏற்றி இறக்கிச் சோதிக்கிறார்கள். இதில் தேறும் சன்னல்களில், இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் விரிசல் கண்ட சில்லுகளைப் பிடித்து நிறுத்துவதால், கண்ணாடி நொறுங்கினாலும் காற்றுக்கு வழி திறப்பதில்லை.

கண்ணாடியைத் தாங்கும் சட்டகமும் அதைச் சுவரில் இறுக்கும் திருகுகளும் பலவீனமாக இருந்தால் நல்ல கண்ணாடியாலும் பயனில்லை. ஆகவே மயாமி-டேட் மாவட்ட ஒப்புதல் பெற்றவற்றையே, அந்த ஒப்புதலில் கண்ட முறைப்படியே பொருத்த வேண்டும். பணம் போதாவிட்டால், ஒப்புதல் பெற்ற உலோக ஷட்டர்களும் நல்ல காப்புத்தான். பலரும் கவனிக்காமல் விடும் அகன்ற கார் நிறுத்துமிடக் கதவை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.